ரெண்டு சொல்லும் வரைக்கும்

வெண்டல் ப்ரிபில்ஸ்கி டி.வி.யைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். முதல் பாதியே இன்னும் முடியவில்லை. அதற்குள் நம் அணியில் பந்தை எறிகிற பையன் ஐந்து தடவை மண்ணைக் கவ்விவிட்டான்.

"பாரு ஆர்டிஸ்! அந்த அஞ்சு ஜென்மங்களையும் பாரு! லைன்மேனாம் லைன்மேன்!"

லைன்மேன் என்றதும் மின்கம்பத்தில் ஏறுகிறவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறிகிறவனுக்கு முன்னால் சுவராக நிற்கிற ஐந்து தடியன்களுக்கு அந்தப் பெயர். அவர்கள் பந்தை எறிய வேண்டாம், பிடிக்க வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். எறிகிறவன் மேல் எவனும் வந்து விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த ஒரு வேலையைக்கூட இந்தக் காலத்துப் பயல்கள் ஒழுங்காகச் செய்வதில்லை. அதுதான் வெண்டலின் வயிற்றெரிச்சல். என்னைக் கேட்டால் நியாயமான வயிற்றெரிச்சல். விஸ்கான்சின் மாநிலத்தில் பாதிப் பேருக்கு அது இருக்கிறது. மீதிப் பேர் ஆட்டம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

"முட்டியில கையை வச்சுக்கிட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி நிக்கிறானுங்க! குனிஞ்சு கையைத் தரையில ஊன்ற வேண்டாமா? பந்து நகர்ந்ததும் பாய வேண்டாமா? இவன் பின்பக்கமா நடக்கிறான்! வர்றவனுக்கு வழிவிட்டு வணக்கம் சொல்றான்!"

அடுப்படியில் சாசேஜ் வறுத்துக்கொண்டிருந்த மனைவி ஆர்டிஸ் கேட்டாள். "பிராட்வர்ஸ்ட் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?"

"நான் என்ன பேசறேன், நீ என்ன கேக்கற? ரெண்டு."

இவ்வளவும் அவர் பேசியது தன் சாய்வு நாற்காலியில் இருந்தபடி. பழுப்பு நிறம். இடது கைப்பிடியில் சாம்பல் நிற டேப். நடுவில் ஒரு ஸ்பிரிங், வெண்டலைத் தவிர யார் உட்கார்ந்தாலும் குத்தும். ஆட்டப் பருவம் முழுக்க ஒவ்வோர் ஆட்டத்தையும் அதில்தான் பார்ப்பார். அது இல்லாமல் பார்த்தால் அணி தோற்றுவிடும் என்பது அவர் கட்சி. அதில் இருந்து பார்த்தும் தோற்கிறதே என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

இடைவேளை விட்டது. வாசல் மணி அடித்தது. ஆர்டிஸின் தம்பி நார்ம் நின்றுகொண்டிருந்தார். ஊர்க் குப்பைக் கிடங்கில் வேலை. ஒல்லி. வெளியே அவருடைய பிக்கப் வண்டி, பின்பக்கம் காலியாக.

வெண்டலுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஆர்டிஸ்! எதுக்கு இவன் வந்திருக்கான்?"

"நாற்காலியைத் தூக்கிட்டுப் போக. செவ்வாய்க்கிழமை சர்ச் பெண்கள் கூட்டம் நம்ம வீட்டுல. நாற்காலிக்குள்ள ஒரு எலி குடியிருக்கு, வெண்டல்."

"எலி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்! எனக்குத் தொந்தரவு இல்லை!"

"அதுக்கு உன்னால தொந்தரவு. நீ கத்தற கத்துல அது தூங்க முடியல."

வெண்டல் எழுந்தார். முன்கூடத்துக்கும் டி.வி. அறைக்கும் நடுவில் இருந்த வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். உண்மையாகவே அடைபட்டது. அவர் அகலம் அப்படி.

"என்னைத் தாண்டி எவன் போறான்னு பார்க்கறேன்! ஸ்கூல்ல நாலு வருஷம் ஆடினேன். எங்க பந்து எறியற பையன் சட்டையில ஒரு புல் ஒட்டினதில்ல. பந்து நகர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அசைஞ்சிருப்பேனா? கேட்டுப் பாரு!"

"முப்பத்துநாலு வருஷமாக் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்" என்றாள் ஆர்டிஸ். பாத்திரம் துடைக்கிற மஞ்சள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "சரி, ஆடியே தீர்த்துக்கலாம். நீ குனிஞ்சு கையை ஊன்று. நான் எண்ணுவேன். எந்த எண்ணுல பாயறது?"

"ரெண்டுல."

"ரெண்டு சொல்றதுக்கு முன்னாடி இம்மி அசைஞ்சாலும் நடுவர் தப்புக்குக் கொடி வீசற மாதிரி இந்த மஞ்சள் துணி விழும், நாற்காலி என்னுது. அசையாம இருந்து, நார்ம் உன்னைத் தாண்ட முடியலைன்னா, நாற்காலி உன்னுது. பிறகு நான் வாயே திறக்க மாட்டேன்."

"அக்கா, அவரு என்னை நசுக்கிடுவாரு" என்றார் நார்ம்.

"நீ பேசாம இரு."

வெண்டலுக்குச் சிரிப்பு வந்தது. இதைவிட நல்ல பந்தயம் உலகத்தில் உண்டா? அறுபத்தோரு வயது முட்டி இரண்டும் சடசடக்கக் குனிந்தார். வலது கையைக் கம்பளத்தில் ஊன்றினார். தலை நிமிர்ந்தது. பார்வை நேரே நார்மின் தொப்பையில்லாத வயிற்றில். இந்தக் காலத்துப் பயல்கள் யாராவது வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை அது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகு.

"ஒண்ணு..." என்றாள் ஆர்டிஸ்.

பிறகு சத்தமில்லை. வாசல் கதவு திறந்து மூடியது. நார்மின் வயிறு இருந்த இடத்தில் கோட்டு மாட்டுகிற மரக் கம்பம்தான் தெரிந்தது.

அடடா, இழுக்கிறாள் என்று வெண்டல் உள்ளுக்குள் கறுவினார். எண்ணிக்கையை இழுத்து எதிரே இருப்பவனை அவசரப்பட வைக்கிற பழைய தந்திரம். இன்றைய பயலாக இருந்தால் இந்நேரம் துள்ளியிருப்பான். என்னிடமா?

முதுகுக்குப் பின்னால், தோட்டத்துப் பக்கக் கண்ணாடிக் கதவு சரக்கென்று நகர்ந்தது. ஏதோ தரையில் தேய்ந்தது. "மெல்ல, சுவத்துல இடிக்காதே" என்று ஆர்டிஸ் கிசுகிசுத்தாள்.

திரும்பிப் பார்க்கச் சொல்லி ஏமாற்றுகிறார்கள்! லைன்மேன் பின்னால் திரும்பலாமா? கழுத்தை அசைத்தாலே மஞ்சள் துணி விழுந்துவிடும். என்ன அநியாயம், வீட்டுக்குள்ளேயே இத்தனை கள்ளத்தனமா! மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. வெண்டல் அசையவில்லை. பிராட்வர்ஸ்ட் கருகுகிற வாசனை வந்தது. அதற்கும் அசையவில்லை.

வெளியே பிக்கப் வண்டி உறுமியது. கூடவே ஆர்டிஸின் குரல், ஜன்னல் வழியாக:

"ரெண்டு!"

வெண்டல் பாய்ந்தார். என்ன பாய்ச்சல்! கோட்டுக் கம்பம் நாலு கோட்டோடும் இரண்டு குடையோடும் வாசல் கதவில் போய் மோதிச் சாய்ந்தது. அவரும் அதன் மேலேயே கிடந்தார். மூச்சு வாங்க எழுந்து, வெற்றியோடு திரும்பினார்.

டி.வி. அறையில் கம்பளத்தின் மேல் நாலு பள்ளம் இருந்தது. நடுவில் ஓர் எலி உட்கார்ந்து, அவரைப் போலவே திகைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. ஐந்து லைன்மேன்களும் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நிற்க, எதிரணிக்காரன் ஒருவன் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து, எறிகிற பையனைச் சாய்த்தான். வெண்டல் வாயைத் திறந்தார். திட்டு வரவில்லை.

ஆர்டிஸ் உள்ளே வந்தாள். கருகின பிராட்வர்ஸ்ட் இரண்டையும் தட்டில் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அசையவே இல்லையே நீ! நார்மும் உன்னைத் தாண்டலை. பேச்சு பேச்சுதான் வெண்டல், நாற்காலி உன்னுது. குப்பைக் கிடங்கு செவ்வாய்க்கிழமைதான் திறக்கும், போய் எடுத்துக்கோ."