முனிக்கு எழுதிய மன்னிப்புச் சீட்டு

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசியில் இரும்புலியூர் பஸ் ஸ்டாப்பில் நிற்க இடமில்லை. பஸ்ஸுக்கு நின்ற கூட்டமா என்றால் அதுதான் இல்லை. கூடுவாஞ்சேரி லாரிக்காரர்கள், பெருங்களத்தூர் ஸ்கூட்டர்காரர்கள், தாம்பரத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஆபீசர்கள், எல்லாரும் ஒரு பள்ளத்தைக் கும்பிட வந்தவர்கள். ஆமாம், பள்ளத்தைத்தான். நாட்டில் கும்பிட வேறெதுவும் பாக்கியில்லை போலிருக்கிறது.

ஜி.எஸ்.டி. ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று காண்டிராக்டர் துரைராஜ் ஆடியில் வெட்டிப்போட்ட பள்ளம் அது. இடுப்பளவு ஆழம். சுற்றிலும் ஒரு கல் கிடையாது, கயிறு கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு கிடையாது. மழைத் தண்ணீர் நிரம்பியதும் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் போயிற்று. நாளுக்கொரு வண்டி உள்ளே விழுந்தது.

விழுந்தவர்கள் ஒன்றுசேர்ந்து துரைராஜின் சட்டையைப் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் குழிமுனிச் சித்தர். ரோட்டுக்காக வெட்டிய புளியமரத்தில் முனி குடியிருந்ததாம். இருந்த இடம் போன ஆத்திரத்தில் பள்ளத்துக்குள் இறங்கி வண்டிகளை இழுக்கிறதாம். மரத்தை வெட்டியவனை விட்டுவிட்டு வழியோடு போகிறவனை இழுக்கிறது பாருங்கள், ரொம்ப நியாயம் தெரிந்த முனி.

விழாமல் இருக்க எலுமிச்சம்பழம். விழுந்துவிட்டால் மன்னிப்புச் சீட்டு. சாமிக்கு மனு எழுதிக் கட்டுவது நம் ஜனங்களுக்குப் புதிதா என்ன? சித்தர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். பெயர், வண்டி நம்பர், தேதி. 'விழுந்தது என் கவனக்குறைவால்தான். வேறு யார் மேலும் எனக்குக் குறையில்லை.' கீழே கையெழுத்து. எழுதத் தெரியாதவர்களுக்குக் கட்டைவிரல் ரேகை, அதற்கு மைப்பெட்டிகூடத் தயார். முனிக்கு எதற்கடா ரேகை என்று ஒருத்தராவது கேட்கவேண்டுமே. சித்தர் சீட்டுக்குச் சந்தனம் வைத்து, மடித்துச் செம்புக்குள் போடுவார். செம்பிலிருந்து எடுத்து நெருப்பில் காட்டுவார். புகை முனியிடம் போய்ச் சேர்ந்துவிடும். பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

ஆட்டோ மாரியும் போட்டுக்கொண்டான். அவன் ஆட்டோ விழுந்ததில் முன்சக்கரம் ஒடிந்து, மூஞ்சி நசுங்கிப்போயிருந்தது. அது ஓடினால்தான் அவன் வீட்டில் அடுப்பெரியும். சீட்டெழுதி ஒரு வாரம் பார்த்தான். முனி மன்னித்ததோ என்னவோ, சக்கரம் நிமிரவில்லை. வேறு வழியில்லாமல் ரோடு ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு போனான். போனவன் பேயடித்த மாதிரி திரும்பி வந்தான்.

பள்ளத்துக்கு நேரெதிரே இருந்த தையல் கடை ஞானசௌந்தரியுடையது. விழுந்த வண்டிகளில் பாதியை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். நேராக அவளிடம்தான் வந்தான் மாரி.

"அக்கா, முனி சாதாரண ஆளு இல்லக்கா. நான் எழுதுன சீட்ட ரோடு ஆபீசுக்கே எத்துகினு போய்க் குட்த்துகீது."

"எந்தச் சீட்ட?"

"நெருப்புல போட்டாரே, அதான். இஞ்சினியர் கைல கீது. சந்தனம் வெச்சது வெச்சபடி கீது, ஒரு ஓரம்கூட கருகல. உன் தப்புன்னு நீயே எழுதிக் குட்த்துட்டு, இப்ப காண்டிராக்டரு ரிப்பேர் பண்ணித் தரணும்னா எப்பிடிப்பான்றாரு."

ஞானசௌந்தரி மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். "எரிஞ்ச சீட்டு எப்படி மாரி ஆபீசுக்குப் போகும்?"

"அதான் சொல்றனேக்கா, முனியோட சக்தி."

சிரிப்பதா, இவன் தலையில் ஒன்று போடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "சரி, உன் முனிக்குப் படிக்கத் தெரியுதான்னு பாத்துடலாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று அவளும் தானே எழுதிக் கொண்டுவந்த ஒரு சீட்டைக் கொடுத்தாள். சித்தர் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். சந்தனம், செம்பு, நெருப்பு, புகை. எல்லாம் முறைப்படி நடந்தது.

பிறகு மாரியை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய், நேரில் வந்து விசாரித்தே ஆகவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். மறுவாரம் இஞ்சினியர் பள்ளத்தடிக்கே வந்தார். துரைராஜ் ஃபைலோடு வந்தார். கூட்டத்துக்குக் கேட்பானேன்.

"நாப்பத்தி மூணு பேர் சார்," என்றார் துரைராஜ். "அத்தன பேரும் தன் தப்புன்னு எழுதிக் குடுத்துருக்காங்க. நான் இன்னா சார் பண்றது?"

"என் சீட்டும் இருக்கா சார்?" என்றாள் ஞானசௌந்தரி. பெயரையும் சொன்னாள்.

துரைராஜ் பெருமையாகப் புரட்டினார். "இதோ கீதே. கடைசி சீட்டு உன்னுதுதாம்மா."

"இஞ்சினியர் சார், அதக் கொஞ்சம் சத்தமா படிங்க."

இஞ்சினியர் படித்தார். "வண்டி: காலால் மிதிக்கும் தையல் மெஷின். நம்பர் கிடையாது. அறுபது மைல் வேகத்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டு வந்தபோது பள்ளத்தில் விழுந்தேன். என் கவனக்குறைவால்தான்…" அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. கூட்டம் சிரித்த சிரிப்பில் கேட்டிருக்கவும் செய்யாது.

"இது போன வெள்ளிக்கிழமை உங்க எல்லார் கண்ணு முன்னாடியும் எரிஞ்சுது," என்றாள் அவள். "இவர் ஃபைலுக்கு எப்படி வந்துது?"

சிரிப்பு நின்றது. மாரி போய்ச் சித்தர் முன்னாலிருந்த செம்பைக் கவிழ்த்தான். மடித்த வெற்றுத்தாள்களாக விழுந்தன. இத்தனை நாளும் எரிந்தவை இந்த மாதிரித் தாள்கள்தான். சீட்டுகள் அடியிலேயே தங்கி, பொழுது சாய்ந்ததும் துரைராஜின் ஷெட்டுக்குப் போயிருக்கின்றன.

"யோவ், நீ இவரு சிமெண்ட் குடோன் வாட்ச்மேன் ரத்தினம் இல்ல?" என்றான் ஒரு கூடுவாஞ்சேரி லாரிக்காரன்.

சித்தர் எடுத்தார் ஓட்டம். தண்ணீருக்குள் பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவருக்கு மட்டும் அத்துப்படி. ஒரு கால்கூட உள்ளே வைக்காமல் சுற்றிக்கொண்டு ஓடினார்.

மாரிக்கு முதலில் வந்தது வெட்கம். தன் கையாலேயே தன் வயிற்றில் அடித்துக்கொண்டோமே என்று உடம்பு கூசியது. கோபம் பிறகுதான் வந்தது. இஞ்சினியருக்கும் முகம் செத்துப்போயிருந்தது. ஆபீஸ் காகிதத்தில் சந்தனம் ஏது என்று படித்த மனுஷர் அவரும் கேட்கவில்லையே. ஜீப் மேல் காகிதத்தை வைத்து விறுவிறுவென்று எழுதினார். இன்றைக்கே பள்ளத்தைச் சுற்றிக் கல்லும் விளக்கும் வைக்கவேண்டும், விழுந்த வண்டிகளைக் காண்டிராக்டர் தன் செலவில் சரிசெய்து தரவேண்டும். துரைராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"நீயும் போடுப்பா, நேரமாவுது," என்று பேனாவை நீட்டினார் இஞ்சினியர்.

"இரு சார், படிச்சுக்கறேன்," என்றான் மாரி. எழுத்துக் கூட்டிப் படித்தான். கூட்டம் காத்திருந்தது. பாதியில் விரலை வைத்தான். "'இயன்ற வரை சரிசெய்து'ன்னு எழுதிக்கீறியே, அது இன்னாத்துக்கு சார்? அத அடிச்சுடு."

இஞ்சினியர் அடித்தார். மாரி கையெழுத்துப் போட்டான்.

நாற்பத்திரண்டு வண்டி விழுந்தது. முனி வந்த பிறகு, வெட்டின பள்ளத்தை ஏன் மூடவில்லை என்று வெட்டினவனைக் கேட்க அத்தனை பேரில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. இல்லாத முனியிடம் மன்னிப்புக் கேட்ட வாயால் எதிரில் நிற்கிற மனுஷனை ஒரு கேள்வி கேட்டால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்?