காத்திருந்த குற்றம்

பொன்னொளி நாடு என்று ஒரு நாடு இருந்தது. கடலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்காதீர்கள். சொன்னால் எனக்குத்தான் வம்பு.

அந்த நாட்டை ஆண்டவர் மன்னர் வான்புகழ். சும்மா சொல்லக்கூடாது, பக்திமான். அரண்மனைக் கோவிலின் பெரிய மணி மாலையில் ஒலித்தால், நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் வெண்கல மணி அடித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டவர். எந்தத் தெருவில் சத்தம் குறைகிறது என்று மாடத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பார். ஒருநாள் ஆற்றோரத்து நாணல்துறையிலிருந்து சத்தமே வரவில்லை என்று கண்டுபிடித்தார்.

நாணல்துறையில் வாழ்ந்தவர்களுக்கு வட்டத்தார் என்று பெயர். அவர்களுக்கு மணி கிடையாது, சிலை கிடையாது, விளக்குகூடக் கிடையாது. பொழுது சாயும் வேளையில் ஊரே வட்டமாக உட்காரும். உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய வழிபாடு. ஆனால் அதில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. ஒரு ஆள் குறைந்தாலும் வழிபாடு தொடங்காது. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் வட்டம் அவர் வீட்டுக்குப் போகும். பிரசவ வலி கண்டவளுக்காகத் தெருவில் உட்காரும். மீன் பிடிக்கப் போன படகு திரும்பாவிட்டால் கரையில் உட்கார்ந்து, வரும்வரை காத்திருக்கும்.

"மணி இல்லாத வீட்டில் பக்தி இல்லை. பக்தி இல்லாத வீட்டில் சதி இருந்தே தீரும்" என்றார் தலைமை அமைச்சர் மதிமுகில். இப்படிப்பட்ட வாக்கியங்களை யோசிக்காமலே சொல்லும் வரம் பெற்றவர் அவர்.

தளபதி இடியேறு படையோடு நாணல்துறைக்குள் இறங்கினார். கூரையைப் பிரித்தார்கள். குதிரைத் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்ப்பதுபோல் குழந்தைத் தொட்டிலைக் கவிழ்த்தார்கள். நெல் குதிருக்குள் ஈட்டியை விட்டுக் குத்தினார்கள். மணி எதுவும் அகப்படவில்லை. ஒரு குழந்தையின் கொலுசில் இருந்த சலங்கையைக் கழற்றி, "சிறு மணி, பெரிய மணியின் குட்டியாக இருக்கலாம்" என்று பட்டுத்துணியில் முடிந்துகொண்டார்கள்.

அரும்பாயி என்பவளின் வீட்டு வாசலில் அவள் கணவன் மாசிலான் குறுக்கே நின்றான். பாய் முடைகிறவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன்.

"ஐயா, நாங்க உங்களைக் கூப்பிடலையே. கோட்டை வாசல் கல்லுல என்ன எழுதியிருக்கு? வீட்டாள் கூப்பிடாம வீரர் உள்ளே வரக் கூடாதுன்னுதானே?"

கல் உண்மைதான். மன்னரின் பாட்டனார் கோட்டை வாசலில் நட்டது. அதில் இரண்டே வரி. 'குற்றம் இன்னதென்று சொல்லாமல் எவரையும் பிடிக்கக் கூடாது. வீட்டார் அழைக்காமல் வீரர் வாசல் தாண்டக் கூடாது.' வான்புகழ் பட்டம் ஏறியதும் அதற்குப் பட்டுத் துணி போர்த்திவிட்டார். புனிதமான கல்லின்மேல் கண்டவர் கண் படக் கூடாதாம். வெளியூர்களிலிருந்து படைக்கு எடுத்த வீரர்கள் அந்தத் துணிக்குத்தான் தினமும் வணக்கம் வைத்தார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

"பிடி இவனை" என்றார் தளபதி.

"என்ன குத்தம்னு சொல்லிட்டுப் பிடிங்க" என்றாள் அரும்பாயி.

"அதைப் பிடித்த பிறகு விசாரித்துக் கண்டுபிடிப்போம். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் விசாரணைக்கு என்ன மதிப்பு?"

மாசிலானை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அரும்பாயி அழுதாள், நன்றாகவே அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கினாள். "வாங்க, போலாம்" என்றாள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஆள் எங்கே இருக்கிறதோ அங்கேதானே வட்டம்?

நாணல்துறை முழுவதும் கோட்டை வாசலில் வந்து வட்டமாக உட்கார்ந்தது. அரும்பாயிக்கு வலப்பக்கம் மாசிலானின் பாய் விரித்துக் கிடந்தது.

தளபதிக்குக் கொண்டாட்டம். "கையும் களவுமாக அகப்பட்டீர்கள்! கோட்டை வாசலிலேயே கள்ள வழிபாடு!"

"இன்னும் ஆரம்பிக்கலைங்க. ஒரு ஆளு குறையுது. காத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் அரும்பாயி.

தளபதி அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் சட்டத்தைப் புரட்டினார். மணி இல்லாத வழிபாட்டுக்குத் தடை உண்டு, உட்காருவதற்கு இல்லை. ஆகவே மறுநாள் முரசு அறைந்தார்கள். 'பொன்னொளி நாட்டில் இனி எவரும் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. காத்திருப்பது அரசின் வேகத்தின்மேல் வைக்கும் குற்றச்சாட்டு.'

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஓடத்துக்காகத் துறையில் நின்றவர்களைப் பிடித்தார்கள். ஆகவே ஓடம் வராதபோதே மக்கள் ஆற்றில் இறங்கினார்கள். களஞ்சியத்தில் அரிசிக்கு வரிசையில் நிற்க முடியாமல் முண்டியடித்துக் கைகால் முறிந்தது. வைத்தியர் வீட்டு வாசலில் உட்கார்ந்த நோயாளிகள் சிறைக்குப் போனார்கள். சோறு வேகும்வரை அடுப்படியில் நின்ற குயவர் வீட்டம்மாவையும் விடவில்லை. நாடே வெந்ததும் வேகாததுமாகத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"நாட்டில் வேகம் பெருகிவிட்டது" என்று அமைச்சர் மன்னரிடம் மகிழ்ந்து சொன்னார்.

கோட்டை வாசல் வட்டத்தைப் பிடிக்க வருவதற்குள் சிறையில் இடம் தீர்ந்துபோயிற்று. பிடிபட்டவர்களைப் போட இடமில்லாமல் ஒருபக்கம் பிடித்து மறுபக்கம் விட்டார்கள். விட்டவர்கள் வீட்டுக்கா போனார்கள்? ஓடக்காரர் வந்து வட்டத்தில் உட்கார்ந்தார். குயவர் வீட்டம்மா வந்தார். வைத்தியரே வந்துவிட்டார். அவர்கள் வீட்டில் எல்லாம் மணி உண்டு, மாலையில் அடிப்பவர்கள்தான்.

"ஏம்மா, நாங்க உங்க சாமியைக் கும்பிடறவங்க இல்ல. உக்காரலாமா?" என்று ஓடக்காரர் கேட்டார்.

"உங்க சாமி உங்களுக்கு அண்ணே. ஆளு குறையுதுன்னு வந்தீங்கல்ல, அது போதும். உக்காருங்க" என்றாள் அரும்பாயி.

வட்டம் சந்தைத் தெருவரைக்கும் பெருத்துவிட்டது. தளபதி குதிரைகளை விட்டு மிரட்டினார். மழை பெய்தது. அரும்பாயி நகரவில்லை. பாய் நனையக் கூடாதென்று அதன்மேல் தன் முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

மன்னருக்குத் தூக்கம் போயிற்று. "அந்த ஒருவனை விட்டுவிட்டால் என்ன?" என்று கேட்டேவிட்டார்.

அமைச்சர் பதறிப்போனார். "மன்னா! விட்டால் பிடித்தது தவறு என்றாகும். தவறு என்றால் தங்கள் ஆட்சியில் தவறு நடந்தது என்றாகும். வேறு வழி இருக்கிறது. ஆள் குறைகிறது என்பதுதானே இவர்கள் வாதம்? ஆளே இல்லையென்றால்?"

முரசு மறுபடி முழங்கியது. 'மாசிலான் என்று ஒருவன் இந்த நாட்டில் பிறக்கவே இல்லை. பிறக்காதவனை எவரும் பிடிக்கவில்லை, எவரும் அடைக்கவில்லை. அவனைப் பார்த்ததாகச் சொல்பவருக்குக் கசையடி. வட்டத்தில் ஆள் குறையவில்லை. அனைவரும் வீடு திரும்பலாம்.'

தாலி கட்டியவனை இல்லவே இல்லை என்கிறானே படுபாவி என்று அரும்பாயி குமுறினாள். உள்ளே அவர் உயிரோடு இருக்கிறாரா என்ற பயம் அவளை அப்படியே உலுக்கியது. ஆனாலும் எழுந்து நின்றாள். கோட்டைக் கதவருகே சாவிக்கொத்தோடு நின்ற சிறைக்காவலரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, ஆணை கேட்டீங்களா?"

"கேட்டேன் தாயி."

"அப்போ மாசிலான்னு யாரும் இல்ல. அவரை அடைச்ச அறையில ஆளு இல்ல. ஆளில்லாத அறைக்குப் பூட்டு எதுக்கு? அந்த அறையில யாரோ இருக்காங்கன்னு நீங்க பூட்டி வச்சா, ஆணையை மீறினதா ஆகாதா?"

காவலர் மண்டையைச் சொறிந்தார். ஆணையை ஆணைப்படியே நிறைவேற்றிப் பழகிய மனிதர். உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.

மாசிலான் வெளியே வந்தான். பாதியாக இளைத்திருந்தான், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். வீரர்களின் நடுவேதான் வந்தான். அவனைப் பார்த்தேன் என்றால் கசையடி என்பதால் எல்லா வீரரும் வானத்தைப் பார்த்தார்கள். தளபதி தன் குதிரையின் காதை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்.

அரும்பாயி ஓடிப்போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டீங்களா, வந்துட்டீங்களா" என்றாள். பிறகு பாயைக் காட்டினாள். "உக்காருங்க. வட்டம் நிறையட்டும்."

அவன் உட்காரவில்லை.

"இல்ல அரும்பு. இப்படியே வீட்டுக்குப் போனா, இல்லாத ஆளாத்தான் போவேன். நாளைக்குத் திரும்ப வந்து பிடிப்பாங்க. புருஷன் எங்கன்னு நீ கேட்டா, அது யாருன்னு கேப்பாங்க. ஒரு வேலை பாக்கி இருக்கு."

கோட்டை வாசல் கல்லை நோக்கி நொண்டி நடந்தான். எல்லோர் கண்ணெதிரிலும் பட்டுத் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டான்.

"யார்? யார் இதைச் செய்தது?" என்று மாடத்திலிருந்து மன்னர் அலறினார்.

தளபதி அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் எழுதிய ஆணை அவர் கையிலேயே இருந்தது.

"காற்று, மன்னா" என்றார்.

பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று அரும்பாயி இரண்டு வரியையும் உரக்கப் படித்தாள். கூட்டம் திரும்பச் சொன்னது. அத்தனை காலம் துணிக்கு வணக்கம் வைத்த வீரர்களும் உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் மாசிலான் வந்து பாயில் உட்கார்ந்தான். உள்ளங்கைகள் மடியில் விரிந்தன. கோட்டை வாசலில் அன்று வழிபாடு நடந்தது. அரண்மனைப் பெரிய மணியை அடிக்கும் ஆளும் வந்து வட்டத்தில் உட்கார்ந்துவிட்டதால் மணி ஒலிக்கவில்லை.

மன்னர் வான்புகழ் இதை இத்தோடு விடுபவரா? விடியும்போதே புது ஆணை வந்தது. 'புனிதத் துணியை இழுத்த காற்றை உடனே கைது செய்க. வீடு வீடாகச் சோதனை செய்க.'

படை கிளம்பியது. முதல் வீட்டுக்குப் போனது. வாசலில் ஒரு கிழவர் நின்று கல்லின் இரண்டாம் வரியைச் சொன்னார். அடுத்த வீட்டில் ஓடக்காரர் சொன்னார். அதற்கடுத்த வீட்டில் சலங்கை பறிபோன குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதன் தாய் சொன்னாள். வீரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் அந்த வரியைப் படித்தவர்கள்தானே. ஈட்டியைத் தாழ்த்தினார்கள், வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றார்கள். வீட்டாள் அழைக்கட்டும் என்று நாடு முழுவதும், தெருத் தெருவாக, படை நின்றது. யாரும் அழைக்கவில்லை.

அந்த நாட்டில் காத்திருப்பது குற்றம். இது தளபதிக்கும் நினைவிருந்தது. சட்டப்படி முழுப் படையையும் கைது செய்தாக வேண்டும். அதற்கு ஆள் தேடித் தெருவில் தனியாக நடந்துகொண்டிருந்தார்.