மூன்றாம் வாசலில் என் முகம்

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரியம்மாவுக்கு,

தேஜானிலிருந்து தங்கை மகள் தான்பி தலை தாழ்த்தி எழுதுவது. குன்சானில் இந்நேரம் நண்டு வரத்து தொடங்கி, வீடெல்லாம் நண்டு ஊறும் சோயா சாஸ் மணந்துகொண்டிருக்கும். பெரியப்பாவின் முழங்கால் குளிருக்கு முன் தேறிவிட வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அம்மா மட்டும்தான் நலம். போனில் சொல்லலாமென்றால், அம்மா பாதியில் பிடுங்கி மீதியைத் தன் இஷ்டத்துக்குச் சொல்லிவிடுவாள். அதனால்தான் கடிதம்.

நான் தினமும் வேலைக்குப் போகும் சுரங்க ரயில் நிலையத்தில், மூன்றாம் வாசலுக்குப் பக்கத்து விளம்பரப் பெட்டியில், ஆளுயரத்துக்கு என் முகம் இருக்கிறது. பின்னால் விளக்கு வேறு எரிகிறது. கோடையில் உங்கள் வீட்டில் நான் சோளம் கடித்துக்கொண்டிருந்தபோது சொல்லாமல் ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினீர்களே, அதேதான். பல்லில் ஒட்டிய சோளத் தோல் படிக்கட்டின் உச்சியிலிருந்தே தெரிகிறது. கீழே பொன்னெழுத்தில், ‘தான்பி, நீ பிறந்து வந்ததற்கு நன்றி.’

இது எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். அம்மாவின் பாடகர் ஹ்வாங் தே-ரிம்மை உங்களுக்குத் தெரியும். அவன் சோகப் பாட்டு பாடினால் தேஜானில் பாதி அம்மாக்கள் மூக்கைச் சிந்துவார்கள். அவன் பிறந்த நாளும் என் பிறந்த நாளும் ஒரே வாரத்தில். வருடா வருடம் போல இந்த முறையும் ரசிகர் மன்றத்து ஊதாச் சட்டை அம்மாக்கள் சேர்ந்து அவனுக்குப் பிறந்த நாள் வாழ்த்துப் போட அந்த விளம்பரப் பெட்டியைப் பிடித்திருந்தார்கள். அப்போது பார்த்து அவன் ஒரு பெண்ணோடு கல்யாண உடைக் கடைக்குள் நுழைவதை யாரோ படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். கிம்ச்சி, ஊறுகாய் என்று சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள விற்கும் அம்மாவின் துணைக்கறிக் கடையில் அவசரக் கூட்டம் நடந்தது. நான் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி கூடப் படிக்க முடியவில்லை.

“நமக்கு ஒரு வார்த்தை சொல்லாம கல்யாணமா? அவன் மூஞ்சியை நாம எதுக்கு மாட்டணும்?” என்றார் மன்றத் தலைவி ஓக்-புன் அம்மா.

“பிடிச்ச இடத்தைத் திருப்பித் தர முடியாதாமே. வெறுமனேயா விடறது?”

“முள்ளங்கி கிம்ச்சி படத்தைப் போடுங்க, இந்தக் கடைக்கு வியாபாரமாச்சும் ஆகும்.”

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். “ஏன், எங்க தான்பிக்கும் அந்த வாரம்தானே பிறந்த நாள்?”

கை தட்டினார்கள் பெரியம்மா. கிம்ச்சி தோற்றுப்போனது. ஏதோ விளையாட்டுப் பேச்சு என்று நான் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை படியிறங்கியதும் நானே என்னைப் பார்த்துச் சோளம் தின்றுகொண்டிருந்தேன். பதறிப்போய்க் கறுப்பு முகக்கவசத்தை மாட்டி, தொப்பியைப் புருவம் வரை இழுத்து, தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாக நடந்தேன். அதுதான் நான் செய்த தவறு. இந்த நாட்டில் அப்படி நடப்பவர்கள் பிரபலங்கள் மட்டும்தானே! விளம்பரத்தைக் கவனிக்காமல் போன பள்ளிப் பெண்கள் கூட என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு படத்தைப் பார்த்தார்கள்.

“அக்கா, நீங்கதானே அது? எந்தப் பாட்டுக் கம்பெனில பயிற்சி எடுக்கறீங்க?”

“நான் நூலகத்துல வேலை பாக்கறேன்ம்மா.”

“ஐயோ, சீரியல்ல நூலகர் வேஷமா! எப்ப வருது?”

மறுநாளிலிருந்து நூலகத்துக்கே வந்துவிட்டார்கள். தூசி படிந்த வரலாற்று நூல்களை அள்ளிக்கொண்டு வந்து, முதல் பக்கத்தைத் திறந்து, கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நூலகத்துப் புத்தகத்தில்! தேதி முத்திரை மட்டும் குத்தி அனுப்புகிறேன். அதையும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இத்தனை காலமாக என்னை ‘அந்த ரெண்டாம் மாடிப் பொண்ணு’ என்று அழைத்த நூலக இயக்குநர், ‘நம்ம தான்பி’ என்று தோளில் தட்டி, வாசிப்பு வாரச் சுவரொட்டிக்கு நிற்கச் சொல்கிறார். சோளத்துக்குப் பதில் புத்தகமாம். தினமும் பேப்பர் படிக்க வரும் பியோ ஐயா மட்டும் தனியாகக் கூப்பிட்டு, “எந்தக் கட்சிம்மா? என் ஓட்டு உனக்குத்தான். ஆனா எங்க தெரு விளக்கைச் சரி பண்ணிடணும்” என்றார்.

நான் யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காகவே இரண்டாம் மாடி வேலையைக் கேட்டு வாங்கியவள். உங்களுக்குத் தெரியும். அதை அம்மாவிடம் சொன்னால், கீரையைப் பிசைந்தபடியே, “உன் பிறந்த நாளுக்கு இதுவரைக்கும் யாருடி வந்தா? நீதான் யாரையும் கூப்பிட மாட்டியே. இந்தத் தடவை நான் கூப்பிட்டேன்” என்கிறாள்.

இதில் துண்டுச் சீட்டுத் தொல்லை வேறு. பாடகர்களின் பிறந்த நாள் படங்களுக்குச் செய்வதுபோலவே, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் வாழ்த்தெழுதி என் கன்னத்திலும் நெற்றியிலும் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். வேலைக்கு முதல் வாசல் வழிதான் கிட்டம். ஆனாலும் அவதூறு ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது என் கடமை என்பதால், காலையும் மாலையும் மூன்றாம் வாசலைச் சுற்றித்தான் போகிறேன். அவதூறு ஒன்றுமில்லை. ஒரு சீட்டில், ‘நீ யாருன்னு தெரியலை. ஆனா வேலை முடிஞ்சு வரப்ப நீ சோளம் திங்கறதைப் பாத்தா, எனக்கும் வீட்டுக்குப் போய் ஒழுங்கா சாப்பிடணும்னு தோணுது. நல்லா இரு’ என்றிருந்தது. எழுத்து மோசம். மற்றபடி குறையில்லை.

இனிதான் பயங்கரம். சனிக்கிழமை என் பிறந்த நாளன்று, மன்றம் அவனுக்காகப் பேசிவைத்திருந்த பக்கத்துக் காபிக் கடையில் கோப்பை உறையெல்லாம் என் முகமாம். ஊதாச் சட்டை அம்மாக்கள் வரிசையாக நின்று பாட, நான் கையசைத்துக்கொண்டே உள்ளே வர வேண்டுமாம். அம்மா எனக்கும் ஒரு ஊதாச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாள். நான் பிழைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் பேச்சுக்கு மட்டும்தான் அவள் அடங்குவாள். படத்தை இறக்கச் சொல்லுங்கள். கூட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். எப்போதும் போல யாருக்கும் தெரியாதவளாக இருக்க விடச் சொல்லுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். கிம்ச்சி போடும் நாளுக்கு முட்டைக்கோஸ் சுமக்க வந்துவிடுவேன். உங்கள் கைக்கும் நண்டுக்கும் நீண்ட ஆயுள்.

தாழ்மையுடன்,
தான்பி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்க மூன்றாம் வாசல் வழியாகப் போனேன். இரண்டு பேர் ஏணி போட்டு என் படத்தை உருவிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள்ளே புதுப் படத்தில் தே-ரிம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கல்யாணம் அவனுக்கு இல்லையாம், தங்கைக்காம். ஓக்-புன் அம்மா அழுது, மன்றம் மொத்தமும் மன்னித்துவிட்டதாம். காபிக் கடையும் இப்போது அவனுக்குத்தான். கடைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டதற்கு, “நீதானேடி வேணாம், வேணாம்னு குதிச்சே?” என்கிறாள். பெரியம்மா, இது என்ன நியாயம்? ஞாயிறு வரை அந்த இடம் எனக்குத் தந்தது! சீட்டுகளைக் குப்பையில் போடப் பார்த்தார்கள், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். தபாலை நம்பினால் தாமதமாகும் என்பதால் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உங்கள் போனுக்கே அனுப்புகிறேன். மேலே எழுதியது எதையும் படிக்காதீர்கள். உடனே அம்மாவைக் கூப்பிட்டு என் படத்தைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அன்றைக்குப் பக்கவாட்டில் இன்னொன்று எடுத்தீர்களே, அதில் சோளத் தோல் தெரியாது. அதையும் அனுப்பிவையுங்கள்.