மைத்துனனுக்காகப் பிடித்த பூச்சி

இந்த முறை மைத்துனனை வீட்டுக்குள் விடுவதில்லை என்று சபதம் செய்துவிட்டேன். சபதத்தை மனைவியிடம் சொல்லவில்லை. எனக்கும் உயிர் மேல் ஆசை இருக்கிறது.

போன தடவை "ரெண்டே நாள்" என்று வந்தவன், புதுக் காலண்டர் மாட்டும்போது ஆணி எடுத்துக் கொடுத்தான். டிவி ரிமோட், சாய்வு நாற்காலி, பேப்பர் எல்லாம் அவன் வசம். நான் என் வீட்டிலேயே விருந்தாளி.

அதனால் பக்கத்து வீட்டு நாயைத் தேடிப் போனேன். அதன் கழுத்தைச் சொறிந்துவிட்டு, ஒரு பூச்சியை மாத்திரை டப்பாவில் பிடித்து வந்தேன்.

"என்ன சார், திடீர்னு நாய் மேல பாசம்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வாயில்லா ஜீவனாச்சே" என்று நழுவினேன்.

மனைவி பள்ளியில் உயிரியல் டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"விருந்தாளி ரூம் கட்டில்ல மூட்டைப்பூச்சி. உன் தம்பியை எப்படிப் படுக்க வைக்கிறது?" என்று ஆரம்பித்தேன்.

"மூட்டைப்பூச்சிதானே? அரிக்கும், தூக்கம் கெடும். கொசு மாதிரி மலேரியா, டெங்குன்னு நோயெல்லாம் பரப்பாது. அவன் தூக்கம் இடி விழுந்தாலும் கெடாது. வரட்டும்."

"இதைப் பார்த்துட்டுச் சொல்லு" என்று டப்பாவை நீட்டினேன்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது. எனக்கு உள்ளுக்குள் குஷி.

"மூட்டைப்பூச்சி ஊர்ந்துதான் போகும். இது குதிக்குது. இது தெள்ளுப்பூச்சிங்க."

"அது நோய் பரப்புமா?"

"பரப்பாம? எலி மேல இருந்த தெள்ளுதானே பிளேக்கையே பரப்புச்சு."

"ஐயையோ, அப்போ தம்பியை வர வேண்டாம்னு சொல்லிடு" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"இது நாய், பூனை, எலின்னு ஏதாவது ஒண்ணு மேல தொத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வரும். நம்ம வீட்ல அதெல்லாம் இல்ல. சாயங்காலம் பக்கத்து வீட்டு நாயைக் கொஞ்சிக்கிட்டு இருந்தது யாரு?"

என் கை தன்பாட்டுக்குக் கழுத்தைச் சொறிந்தது.

உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "எங்க ரூம்லயே நீ படுத்துக்கடா. அத்தானை மாடி ரூம்ல தனியா வைக்கப் போறேன். உடம்பெல்லாம் தெள்ளு." அந்தப் பக்கம் அவன் என்னவோ சொன்னான். அவள் கண் கலங்கிவிட்டது.

"தங்கமான பையன்ங்க. நீங்க சரியாகிற வரைக்கும் எனக்குத் துணையா இங்கேயே இருக்கானாம்."