திரையின் இடது ஓரத்தில் அம்மா

மகளிர் விடுதி,
கோயம்புத்தூர்.
ஆகஸ்ட் 2009

மதிப்பிற்குரிய அழகுமலை மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் தமிழ்மதி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என்னோடு தங்கியிருக்கும் அம்மாவும் சுகம். அங்கே நீங்களும் வடிவு அத்தையும் கோகுல்ராஜும் சுகமாக இருக்கவும், நாயுடுபுரத்தில் உங்கள் டிவிடி கடையும் கேபிள் டிவியும் நன்றாக ஓடவும், மொட்டைமாடியில் நிற்கும் டிஷ் இந்தக் காற்றில் சாயாமல் இருக்கவும் பழனி முருகனை வேண்டுகிறேன்.

நீங்கள் போனில் கேட்ட மன்னிப்புக் கடிதம் இதுதான். "ஒங்கம்மா சொன்ன பொய்யத் தூக்கிக்கிட்டுக் கோயம்புத்தூரு தியேட்டரு வரைக்கும் போயிருக்க. நாலு வரி மன்னிப்புக் கேட்டு எழுதி அக்கா கையில குடுத்துவிடு. ஞாயித்துக்கெழம எல்லாரும் வீட்டுல இருப்பாக, நானே படிச்சுக் காட்டுறேன்" என்றீர்கள். நானும் "சரிங்க மாமா" என்றேன். உங்களிடம் போனில் பேசும்போது அந்த இரண்டு சொற்களுக்கு மேல் எனக்கு வராது. காகிதம் அப்படி இல்லை, அது அதட்டாது. ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தில் மன்னிப்பு கிடையாது. எல்லோரையும் உட்காரவைத்துப் படிப்பதாகச் சொன்னீர்கள் அல்லவா, அப்படியே படியுங்கள். சத்தமாகப் படியுங்கள்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும் என்றாலும் முறையாக எழுதுகிறேன். போன வருஷம் பூண்டு எடுக்கிற சமயத்தில் எங்கள் மலைக் கிராமமான பேத்துப்பாறைக்குப் படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். எங்கள் காட்டுச் சரிவிலேயே ஒரு காட்சி எடுத்தார்கள். அம்மா அன்று அங்கே பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள். "எங்களையும் சேத்துத்தான் எடுத்தாக" என்று வந்து சொன்னாள், அவ்வளவுதான். நடித்தேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. படம் வெளிவந்ததும் அதன் டிவிடியை நீங்கள்தான் எங்கிருந்தோ வாங்கி வந்தீர்கள். "எங்கள் குடும்பத்துப் பொன்னுத்தாய் நடித்த புத்தம் புதிய திரைப்படம், இன்று இரவு, காணத் தவறாதீர்கள்" என்று உங்கள் லோக்கல் சேனலில் திரைக்கு அடியில் எழுத்து ஓடவிட்டதும் நீங்கள்தான். நாயுடுபுரமே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தது. அம்மா வரவே இல்லை. பூண்டுக் காடு வந்தது, ஹீரோ வந்தார், ஹீரோவின் மூக்கு வந்தது, அம்மா மட்டும் வரவில்லை. மறுநாள் உங்கள் கடைக்கு வந்தவர்களெல்லாம் சிரித்தார்களாம். உடனே நீங்கள் "எங்கக்கா சும்மா அளந்து விட்டுருச்சு" என்று சொல்லிவிட்டீர்கள். சொன்னது ஒரு தடவைதான். அதற்குப் பிறகு இன்றுவரை அம்மா பஸ்ஸுக்கு நின்றால் "நடிகை வந்துட்டாக, எடம் விடுங்கப்பா" என்கிறார்கள். கூலிக்குப் போகிற இடத்தில் "ஏ பொன்னுத்தாயி, இந்தச் சாக்கத் தூக்குறதுக்கு டூப்பு வருமா?" என்று கேட்கிறார்கள். அம்மா சாக்கைத் தானே தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிறாள். எனக்குத்தான் இங்கே ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதும்போது கூட்டல் தப்பியது.

மாமா, நான் பி.காம். படித்தவள். அந்த டிவிடியை விடுதி டிவியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தியேட்டரில் யாரோ மடியில் கேமராவை வைத்துத் திருட்டுத்தனமாக எடுத்த படம் அது. முன்சீட்டுக்காரர் எழுந்து போகிறார், அவர் திரும்பி வரும்வரை நமக்குக் கதை அவருடைய பிடரிதான். எடுத்தவன் சாய்ந்து உட்கார்ந்திருப்பான் போல, திரையின் இடது பக்கம் கால்வாசி விழவே இல்லை. ஹீரோயின் யாருமில்லாத சுவரைப் பார்த்து "என்னை மறந்துடுங்க" என்று அழுகிறாள். ஹீரோ அந்தப் பக்கம் நிற்கிறார், பாவம், உங்கள் டிவிடியில் அவருக்கு இடமில்லை. ஹீரோவுக்கே இல்லாத இடம் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? அம்மா அந்த விட்டுப்போன இடது பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இங்கே புதிதாக ஒரு பெரிய தியேட்டர் திறந்திருக்கிறார்கள். திரை நம் வீட்டைப் போல ஏழெட்டு வீட்டை அடுக்கி வைத்த உயரம், அகலம் அதைவிட அதிகம். அங்கே இதே படம் ஓடுகிறது என்று தெரிந்ததும் அம்மாவைக் கிளம்பி வரச் சொன்னேன். "நம்ம கடையில இல்லாத படமா, கேபிள்ல வராத படமா, எதுக்குடி தியேட்டரு?" என்று கத்தினீர்களே, அதற்குப் பதில் இதுதான். உங்கள் கடையில் முக்கால் படம்தான் இருக்கிறது மாமா.

தியேட்டர் வாசலில் அம்மாவின் பையைத் திறந்து பார்த்த செக்யூரிட்டி ஒரு அடி பின்னால் போனார். "என்னம்மா இது?" "மலப்பூண்டுங்க." "வெளிச் சாப்பாடு உள்ள கொண்டு போகக் கூடாதும்மா." "பச்சப் பூண்ட யாருங்க தின்பாக? இவ ஹாஸ்டல் புள்ளைகளுக்குக் கொண்டாந்தது. ஒங்களுக்கு ரெண்டு தரட்டுமா?" கடைசியில் பூண்டை அவர் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எலுமிச்சம்பழங்களையும் பிளாஸ்டிக் கவர்களையும் மருந்து என்று சொல்லி அம்மா உள்ளே கொண்டுவந்துவிட்டாள். எதற்கு என்று எனக்கும் அப்போது தெரியாது. ஏறுகிற எஸ்கலேட்டரைப் பார்த்து "அந்தச் சோலி எனக்கு வேணாம்" என்று படிக்கட்டில் நாலு மாடியும் விறுவிறுவென்று ஏறினாள். பக்கத்தில் ஏறிய கோயம்புத்தூர்க்காரர்கள் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினார்கள், அம்மா மேலே நின்று "வெரசா வாங்க" என்று அவர்களைக் கூப்பிட்டாள். உள்ளே ஏசி குளிரில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நடுங்க, அம்மா தன் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வீட்டில் இருப்பது போல உட்கார்ந்தாள். அந்த அரக்கு ஸ்வெட்டர்தான் மாமா, முழங்கையில் பச்சை நூலால் நான் ஒட்டுப் போட்டது. உலகத்திலேயே அப்படி ஒன்றுதான் உண்டு. அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

படம் ஆரம்பித்ததும் கேமரா நம் மலைக்கு மேலே பறக்கிறது. உங்கள் டிவியில் அது ஏதோ பச்சையாக ஓடும், அவ்வளவுதான். அங்கே மலையே வந்து நம் மேல் சாய்கிறது, சாலை காலுக்கடியில் வளைகிறது, ஒரு வளைவில் பள்ளம் அப்படியே வாயைத் திறக்கிறது. தியேட்டர் முழுக்க "ஐயோ" என்றது. நம் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? பழனியிலிருந்து மேலே வரும் பஸ்ஸில் என்ன செய்வாளோ அதையே செய்தாள். தலையைக் குனிந்து எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டாள். தான் வைத்துக்கொண்டது மட்டும் போதாது என்று வரிசையில் எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தனுப்பினாள். பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரிப் பையன் முகம் வெளுத்துப்போய் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். "மோந்து பாரு தம்பி. பள்ளத்தப் பாக்காத. இன்னும் நாலஞ்சு வளவுதான், கண்ண மூடிக்க. இந்தா கவரு" என்றாள். அவனும் மூடிக்கொண்டான், அவன் கூட வந்த பெண்ணும் மூடிக்கொண்டாள். டார்ச் அடித்துக்கொண்டு ஒரு ஆள் வந்து, "என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டார். "ஒங்க எடத்த நாறவிடாமப் பாத்துக்கிட்டிருக்கேன் தம்பி. நீங்களும் ஒண்ணு வச்சுக்கங்க" என்று அவருக்கும் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார் மாமா. அந்தத் தியேட்டரிலேயே மிக உயர்ந்த டிக்கெட் எடுத்த எங்கள் வரிசையே எலுமிச்சம்பழமும் கையுமாகக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது, நான் ஒருத்திதான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.

அதனால்தான் நான் மட்டும் பார்த்தேன். கேமரா சரிவில் இறங்கியது, பூண்டுக் காடு வந்தது, உங்கள் டிவிடியில் முடிந்துபோகிற இடத்துக்கும் இடது பக்கம் காடு இன்னும் நீண்டுகொண்டே போனது, அங்கே ஆட்கள் நின்றார்கள், கடைசியில், ஓரத்தில், அந்த அரக்கு ஸ்வெட்டர்! முழங்கையில் என் பச்சை நூல்! தலையில் துண்டு கட்டி, பாதி முகம் துண்டுக்குள் இருக்க, நிமிர்ந்து நின்று சிரித்துக்கொண்டு கையை ஆட்டுகிறாள்! கல்லூரியில் மூன்று வருஷம் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் குரல் கேட்காமல் ஆப்சென்ட் வாங்கிய நான், எழுந்து நின்று "எங்கம்மா! அந்தா எங்கம்மா!" என்று கத்திவிட்டேன். பின்னாலிருந்து "உக்காரும்மா" என்றார்கள். "உக்கார மாட்டேன், அது எங்கம்மா" என்றேன். யாரோ கைதட்டினார்கள். அம்மா "யாருடி, எங்கடி" என்று தலையைத் தூக்குவதற்குள் காட்சி போய்விட்டது. இடைவேளையில் பக்கத்து வரிசைக்காரர்கள் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கல்லூரிப் பையன் அவளோடு நின்று செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டான். செக்யூரிட்டி பூண்டைத் திருப்பித் தரும்போது எழுந்து நின்றார். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

ஆகவே மாமா, அம்மா பொய் சொல்லவில்லை. சொன்னது உங்கள் டிவிடி. நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன். நீங்கள் எழுத்து ஓடவிட்ட அதே சேனலில், அதே இடத்தில், "பொன்னுத்தாய் படத்தில் இருப்பது உண்மை, எங்கள் டிவிடியில்தான் இடமில்லை" என்று ஒரு வாரம் ஓடவிட வேண்டும். அதுவரை நான் மலையேறி வரமாட்டேன், தீபாவளிக்கும் வரமாட்டேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள். போனில் கூப்பிட வேண்டாம், கூப்பிட்டால் "சரிங்க மாமா" என்று சொல்லிவிடுவேன்.

அத்தைக்கு என் வணக்கங்கள். கோகுல்ராஜுக்கு அன்பு. உங்கள் காலைத் தொட்டு வணங்கி, அதே இடத்தில் நிமிர்ந்து நின்று முடிக்கிறேன்.

இப்படிக்கு,
பொன்னுத்தாய் மகள்
தமிழ்மதி

பின்குறிப்பு: மாமா, இதற்கு மேல் சத்தமாகப் படிக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அன்னைக்கு அந்த ஸ்வெட்டர நான் போடலயே" என்றாள். அன்று காலை அத்தை பழனி கோயிலுக்குப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு, பட்டுச்சேலையோடு பேத்துப்பாறைக்கு வந்து இறங்கினாராம். "மதினி, என்னையும் எடுப்பாகளா?" என்று கேட்டுக் குளிரில் நின்றவருக்கு அம்மா தன் ஸ்வெட்டரையும் தலைத்துண்டையும் கொடுத்தாளாம். யாரிடமும் சொல்வதில்லை என்று கையில் அடித்துச் சத்தியம் வேறு. அப்படியானால் நீ எங்கே இருந்தாய் என்றேன். "பக்கத்துலதான் குனிஞ்சு கெடந்தேன். படம் எடுக்குறவன் எடுத்துக்கிட்டுப் போயிருவான், பூண்ட யாரு பிடுங்குறது?" என்றாள். இப்போது நினைத்துப் பார்த்தால், ஸ்வெட்டருக்குப் பக்கத்தில் ஒரு முதுகு தெரிந்தது. உடனே அத்தைக்குப் போன் செய்தோம். "நெசமாவா? மொகம் தெரியுதா?" என்று கேட்டார். பாதி தெரிகிறது என்றேன். "பாதி போதும்டி. எவ்வளவு பெருசா?" என்றார். நம் வீட்டுக் கதவு உயரம் என்றேன். "இருடி" என்று எழுந்துபோய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "ஒம்மாமாவுக்கு எல்லாத்தையும் எழுதிரு. வஞ்சா வையட்டும். என்னயக் கூட்டிக்கிட்டு வந்து அதக் காட்டச் சொல்லு" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை படத்தை மாற்றிவிடுவார்கள், அதற்குள் வெள்ளனே கிளம்பி வாருங்கள். எலுமிச்சம்பழம் கொண்டுவாருங்கள், பூண்டு வேண்டாம். மேலே, படத்தில் ஸ்வெட்டர் போட்ட அம்மா என்று எழுதிய இடங்களில் எல்லாம் அத்தை என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று எழுதிய இடத்தில் மட்டும் ஒன்றும் மாற்ற வேண்டாம்.