மடியில் கத்திய பை

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே வசிக்கும் அத்தனை பேரும் திருடர்கள் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் சைரன் சார். உண்மையான பெயர் விசிட்டிங் கார்டில் இருந்தது. அந்தக் கார்டையும் யாருக்கும் கொடுக்கமாட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் முதலாளி சைரன் சார், பை தைக்கும் காதர் பாய், சோதனைப் பொறியாளர் என்ற பட்டத்துடன் நான். சேர்ந்த அன்றே சிலவற்றைக் குறித்துக்கொண்டேன். பேனா மேசையோடு நூலால் கட்டியிருந்தது. ஸ்டேப்ளருக்குச் சைக்கிள் பூட்டு. ட்யூப் லைட்டில் பெயிண்ட்டால் அவர் இனிஷியல். இடது செருப்பை வாசலிலும் வலது செருப்பைப் பின்பக்கத்திலும் விடுவார். "ஜோடியா கீறதைத்தான்மா தூக்குவான். ஒத்தைச் செருப்பை இன்னா பண்ணுவான்?" மழையில் வலது செருப்பு மிதந்துபோனதையும் திருட்டில்தான் சேர்த்தார்.

நாங்கள் செய்தது 'புத்திசாலிப் பை'. முதல் மாதிரி காலியாகவே ஆறு கிலோ. மேலே சோலார் தகடு. வெயிலில் நின்றால்தான் போன் சார்ஜ் ஏறும். காதர் பாய் அதை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்து, "போன் ஏறல. எனக்குத்தான் பித்தம் ஏறிச்சு" என்றார்.

இரண்டாவது மாதிரியில் பேட்டரியை ஒட்டிச் சாப்பாட்டு டப்பாவுக்கு இடம். மத்தியானம் என் தயிர் சாதம் கொதித்தது. அறிக்கையில் 'வெப்பம் அதிகம்' என்று எழுதினேன். சைரன் சார் அதை அடித்துவிட்டு, 'உணவு சூடாக இருக்கும்' என்று எழுதினார்.

மூன்றாவது மாதிரியில்தான் தன் உயிரையே வைத்தார். பையின் சொந்தக்காரர் கழுத்தில் ஒரு டேக் தொங்கும். பை அதைவிட்டு இரண்டு மீட்டர் விலகினால் சைரன் சாரின் குரலிலேயே கத்தும். அதைப் பதிவு செய்ய ஒரு நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினார். கீழே லேத்தை நிறுத்திவிட்டு மேலே ஓடி வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வானகரத்திலிருந்து ஒரு பை வியாபாரி வருவதாக இருந்தது. பயணிகள் நடுவே சோதித்த அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் முதல் ஆர்டர் தருவாராம். அது வராவிட்டால் மாதக் கடைசியில் மாடியைக் காலி செய்ய வேண்டும். மூவருக்கும் வேலை இல்லை. எனவே புதன்கிழமை காலை ஆவடியில் பூந்தமல்லி பஸ் ஏறினோம். பை என் தோளில், டேக் என் கழுத்தில், சைரன் சார் பின்படிக்கட்டருகே.

பஸ்ஸில் நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வார். இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தராத பழக்கம் அது. எங்கள் வடிவமைப்பில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. பருத்திப்பட்டு தாண்டும்போது, டிபன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, "இன்னாத்துக்குமா சொமந்துகினு நிக்கிற, குடு" என்று பையை உருவி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய கூட்டம் என்னை முன்பக்கம் தள்ளியது.

"டேய் திருடா! பையைக் கீழ வைடா! புடிங்க, புடிங்க!"

டிரைவர் பிரேக் போட்டார். கத்தும் பையோடு அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் சைரன் சார் மட்டும் முகமெல்லாம் பல்லாக, "வேலை செய்யுதுமா, வேலை செய்யுது" என்றார்.

அடுத்து நடந்தது எந்தச் சோதனைத் திட்டத்திலும் இருக்காது. உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் மடியிலிருந்த பைகளை வரிசையாகத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். "வேணாம்பா, உன்னுது இன்னா கத்துமோ." இரண்டு நிமிடத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நின்றவர்கள் அத்தனை பேரும் சைரன் சாரை முறைத்தார்கள்.

அக்கா திரும்பினார். "உன் பையா நைனா? எத்தினி வருசமா இந்த பஸ்ல வந்துகினு கீறேன். எத்தினி பேர் பையை வச்சிகினு வந்திருப்பேன். ஒரு சோத்து டப்பா காணாம பூட்ச்சுன்னு ஒர்த்தர் சொல்லட்டும்." குரல் உயரவில்லை. கண் கலங்கியிருந்தது.

சைரன் சாரின் பல் மறைந்தது. அடுத்த நிறுத்தத்தில் கண்டக்டர் எங்களை இறக்கிவிட்டார்.

மாலையில் அறிக்கை எழுதினேன். 'அலாரம்: வேலை செய்கிறது. பை: வேலை செய்யவில்லை.' இதை அவர் அடிக்கவில்லை.

மறுநாள் அதே பஸ்ஸுக்கு என்னைக் கூட்டிப்போனார். டேக்கைத் தானே மாட்டிக்கொண்டு அந்த அக்காவின் பக்கத்தில் போய் நின்றார். ஒரு பேனாவைக்கூட யாரிடமும் கொடுக்காத மனிதர், பையைக் கழற்றி நீட்டினார்.

"கொஞ்சம் வச்சுக்கிறியாக்கா?"

அக்கா மேலும் கீழும் பார்த்தார். "இன்னிக்கு இன்னான்னு திட்டும்?"

"ஒண்ணும் திட்டாது. வாயைப் புடுங்கிட்டேன்."

அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சைரன் சார் முன்பக்கம் போய் நின்றார். பூந்தமல்லி வருவதற்குள் நாற்பத்தொரு முறை திரும்பிப் பார்த்தார். எண்ணுவது என் வேலை.

வெள்ளிக்கிழமை வந்த வியாபாரி, "கத்தாத பையை எவன் வாங்குவான்? சத்தத்தைத் திரும்பப் போடுங்க, இப்பவே ஆர்டர் தரேன்" என்றார். சைரன் சார் ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டே, "பஸ்ல போறவங்களுக்குத்தான் சார் இந்தப் பை" என்றார். மாதக் கடைசியில் மாடிக்குப் பூட்டு விழுந்தது. பூட்டுக்கு மட்டும் அவரிடம் பஞ்சமில்லை.

காதர் பாய்க்கும் எனக்கும் வேறு வேலை கிடைத்தது. சைரன் சாரை அன்றும் அறிவில்லாதவர் என்றுதான் நினைத்தேன்; இன்றும் கருத்து மாறவில்லை. கடைசி நாளில் அந்த மூன்றாவது மாதிரியை, எங்கும் தன் பெயர் எழுதாமல், என்னிடம் கொடுத்தார். ஜிப் சிக்கும். ஒரு பக்கப் பட்டை நழுவும். அதைத்தான் இன்றும் மாட்டிக்கொண்டு போகிறேன். யாராவது மடியில் வாங்கிக்கொண்டு, நான் இரண்டு மீட்டர் தள்ளிப் போய்விட்டால், கத்தலுக்குப் பதிலாக அவர் எழுதிவைத்த வரி என் போனில் வரும்:

"பை பத்திரமா கீது. நீ கம்பியைப் புடிச்சிக்கோ."

காலியான பஸ்ஸில்கூடப் பிடித்துக்கொள்கிறேன்.