நிறம் குடித்த குளம்

வேதியியல் படித்தவர்கள் பேய்க்குப் பயப்பட மாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பொய். நாங்களும் பயப்படுவோம். என்ன, பயந்துகொண்டே விளக்கம் சொல்வோம்.

நான் விழுப்புரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். என் அக்கா ஜெசிந்தாவும் சேவியர் மாமாவும் பல வருடம் கத்தாரில் இருந்துவிட்டு, கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் போகிற வழியில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே வீடு கட்டினார்கள். பின்பக்கம் நீச்சல் குளம். (அங்கே குளம் என்றால் மாடு குளிப்பாட்டுகிற இடம். எந்த மாட்டுக்கு என்று அம்மா கேட்டே விட்டாள்.) அதிலும் உப்புத் தண்ணீர்க் குளம். தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டால், ஒரு மிஷின் அதில் கரண்டைப் பாய்ச்சி, அந்த உப்பிலிருந்தே குளோரினைத் தயாரித்துக்கொள்ளும். உதட்டில் பட்டால் கண்ணீர் மாதிரி லேசாகக் கரிக்கும்.

பங்குச் சாமியார் வந்து ஜெபித்துப் புது வீட்டை மந்திரிக்கும் நாளுக்கு முந்தைய வாரம், மிச்சச் சாமான்களைக் கட்டி அனுப்ப இருவரும் கத்தார் போனார்கள். கோடை விடுமுறையில் சும்மா இருந்த என்னிடம் மாமா சாவியைக் கொடுத்தார்.

"தண்ணிய டெஸ்ட் பண்ணி அளவு மட்டும் பாத்துக்கம்மா. கெமிஸ்ட்ரி டீச்சருக்கு நான் இன்னா சொல்றது?"

அந்தக் கடைசி வார்த்தையில் குளிர்ந்துபோனேன். அவர் ஏதோ விளக்க ஆரம்பித்தார். தெரியும் மாமா என்று கையமர்த்திவிட்டேன்.

துணைக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். டெஸ்ட் பெட்டியில் சின்னக் கண்ணாடிக் குழாயும் இரண்டு மருந்துப் புட்டிகளும் ஒரு வண்ண அட்டையும் இருந்தன. குளத்துத் தண்ணீரைக் குழாயில் எடுத்து முதல் மருந்தைச் சொட்டுவிட்டால் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் அடர்ந்தால் குளோரின் அதிகம், வெளுத்தால் குறைவு. முதல் நாள் நிறம் கொஞ்சம் வெளுப்பாகத்தான் வந்தது. பார்த்தேன், ஒரு டீச்சருக்குரிய கண்டிப்போடு மிஷினை முழு வேகத்தில் வைத்தேன். மோட்டார் அறையில் இருந்த குளோரின் பவுடரையும் ஒரு வாளி கரைத்து ஊற்றினேன்.

மறுநாள் காலையில்தான் அது ஆரம்பித்தது.

குளம் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வருகிற தெளிவு. முந்தைய நாள் மேலே பறந்துகொண்டிருந்த தும்பிகளைக் காணோம். கரையில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துத் தண்ணீரைப் பார்த்தது. குடிக்காமல் போய்விட்டது.

குழாயில் தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டினேன். இளஞ்சிவப்பு பளிச்சென்று வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சியதுபோல மறைந்தது. தண்ணீர் மறுபடியும் தண்ணீராக நின்றது. இன்னொரு தடவை செய்தேன். வந்தது, போனது.

தோள் பக்கத்தில் நின்றிருந்த அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"வந்த நெறம் எங்கடி போச்சு?"

குளோரின் துளிகூட இல்லை, அதனால்தான் நிறம் நிற்கவில்லை என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. அமிலத்தன்மை பார்க்கும் இரண்டாவது மருந்தை விட்டேன். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஏதாவது வர வேண்டும். ஊதா வந்தது. அட்டையில் ஊதாவே கிடையாது.

இல்லாத நிறத்துக்கு என்ன செய்வது? புத்திசாலிகள் கத்தாருக்கு ஒரு போன் போடுவார்கள். நான் இன்னொரு வாளி பவுடரும் கொஞ்சம் ஆசிடும் ஊற்றினேன். குனிந்து ஊற்றும்போது தோளிலிருந்த மெரூன் துப்பட்டா நழுவித் தண்ணீரில் விழுந்து, மெல்ல அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மூக்கைத் துளைக்கிற நெடி கிளம்பியதால் அதை எடுக்காமல் உள்ளே ஓடிவிட்டேன்.

விடிந்து போய்ப் பார்த்தபோது துப்பட்டா அதே இடத்தில் கிடந்தது. வெள்ளையாக. பக்கத்தில் ஒரு தவளை, அதுவும் வெளுத்து, கையை விரித்தபடி கிடந்தது. கொல்லையில் காற்று இல்லை. மோட்டார் அறையிலிருந்து மட்டும் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். அன்று போன் பண்ணிய மாமாவிடம் எல்லாம் சூப்பராகப் போகிறது என்று சொன்னேன்.

வெயிலில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. மந்திரிப்புக்குக் கெடார் கிராமத்திலிருந்து மாமாவின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வரப்போகிறார்கள். பாதிப் பேர் குளத்தைப் பார்ப்பதற்காகவே வருகிறார்கள். குறைந்த குளத்தைக் காட்டவா முடியும்? போர்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பைப்பிலிருந்து பளிங்கு மாதிரிதான் விழுந்தது. ஆனால் அது விழுந்த இடத்தில், குளத்துக்குள், ஒரு சிவப்புப் புகை எழுந்தது. பழுப்பேறிய சிவப்பு. அது கிளை பிரிந்து, சுழன்று, நாங்கள் நின்ற பக்கமாகவே வந்தது. அடிபட்ட ஏதோ ஒன்று ஆழத்தில் கிடந்து ரத்தம் விடுவதுபோல இருந்தது.

பைப்பை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன். மூடியது அம்மாதான். மூடிவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பங்குச் சாமியாருக்கு போன் போட்டாள்.

சாமியார் ஸ்கூட்டரில் வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். குளத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எங்கே, அந்த டெஸ்டைப் பண்ணும்மா என்றார். குழாயில் கால்வாசி மட்டும் தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டினேன். இளஞ்சிவப்பு வந்தது. மறைந்தது.

சாமியார் ஓரடி பின்னால் போனார். பிறகு, பின்னால் போனதை யாரும் பார்த்திருக்கக் கூடாது என்பதுபோல ஓரடி முன்னால் வந்து, தீர்த்தப் பாட்டிலைத் திறந்து ஜெபம் சொல்லத் தொடங்கினார். பதற்றத்தில் பாட்டிலை வேண்டியதற்கு மேல் சாய்த்துவிட்டார். பாட்டிலிலிருந்து கொட்டிய தீர்த்தம், நான் நீட்டிக்கொண்டிருந்த குழாயில் விழுந்து விளிம்புவரை நிரப்பியது.

எதற்கென்றே தெரியாமல் இன்னும் சில சொட்டு மருந்தை விட்டேன். தண்ணீர் செம்பருத்தி நிறத்துக்கு மாறியது. மாறியபடியே நின்றது.

அம்மா மண்டியிட்டாள். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அந்த நொடியில்தான், மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த என் படிப்பு திரும்பி வந்தது. தீர்த்தம் கலந்து நீர்த்துப்போன தண்ணீரில் நிறம் நிற்கிறதென்றால், கலக்காத தண்ணீரில் குளோரின் இல்லாமல் இல்லை. தாங்க முடியாத அளவுக்கு இருக்கிறது. மருந்தின் நிறத்தையே வெளுத்துத் தின்கிற அளவு. ஊதாவும் அதன் வேலை. துப்பட்டாவும் தவளையும் அதன் வேலை. போர்த் தண்ணீரில் கரைந்திருந்த இரும்பை ஒரே மூச்சில் துருவாக்கிச் சிவக்க வைத்ததும் அதுதான். இல்லை, இல்லை என்று நினைத்து, இருந்ததற்கு மேலேயே நான் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதை அங்கேயே, நின்ற இடத்திலேயே சொன்னேன். கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். அம்மா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"மூணு நாளா உங்கூடவேதானடி இருந்தேன். இந்தக் கெமிஸ்ட்ரி அப்பல்லாம் எங்க போய்க்கினு இருந்துச்சு? சாமி தீர்த்தம் தெளிச்சதும்தான் வருதா?"

சாமியார் என்னைப் பாவமாகப் பார்த்தார். தீர்த்தத்துக்குப் பதில் குடி தண்ணீர் ஊற்றினாலும் நிறம் நிற்கும் என்று நிரூபிக்க உள்ளே ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தார்.

மிஷினை நிறுத்தினேன். முனகலும் நின்றது. கத்தாரிலிருந்து வந்த மாமா பாதித் தண்ணீரை இறக்கி, மிச்சத்தைத் தார்ப்பாயால் மூடினார். கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஆனால் மந்திரிப்பன்று கெடார்காரர்கள் வாசலில் இறங்கியதுமே, பேய் பிடித்த குளம் எது என்றுதான் கேட்டார்கள். அம்மா தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். அவள் கதையில் சாமியார் ஓரடிகூடப் பின்னால் போகவில்லை. பேய்க்கு வாளி வாளியாகத் தீனி போட்டவள் மட்டும் நான்.

இன்றும் கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூடினாலும், யாராவது என் கையில் ஒரு டம்ளர் ரோஸ் மில்க்கைக் கொடுத்துவிட்டால் போதும், பந்தியின் அந்தக் கோடியிலிருந்து மாமாவின் குரல் வரும்.

"கொஞ்சம் இரும்மா. நெறம் நிக்குதான்னு பாத்துட்டுக் குடி."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால், ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.